லைசென்ஸ் உள்ள துவக்கு

துவக்குக்குப் போடுவதற்குத் தையல் மெசின் எண்ணெயைப் போல வேறொன்றும் இல்லை. தேங்காயெண்ணெய் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொஞ்ச நாளில் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கொட்டாஞ்சேனைக் கடற்காற்று யன்னல் கம்பியையே தின்றுவிடும் என்றால் பாருங்கள். அப்பா இறந்த நாளிலிருந்து அந்த ஒற்றைக்குழல் துவக்கில் நான் எண்ணெய் காயவிட்டதில்லை. உங்கள் கதிரைக்குப் பின்னால் உள்ள அலுமாரியில்தான் இருக்கிறது. விருப்பமென்றால் பிறகு காட்டுகிறேன்.

என்னைப் பற்றிக் கேட்டீர்கள். பெயர் ஹியூபேட் சவுந்தரநாயகம். துறைமுகத்தோடு சேர்ந்த ஒரு கொம்பனியில் தலைமைக் கிளாக்காக இருந்து இளைப்பாறியவன். மனைவி கொன்ஸ்ரன்ஸ். பிள்ளைகள் இல்லை. அப்பா முத்துராஜவெலச் சதுப்பில் பறவை சுட்டவர். நான் ஒரு காகத்தைக்கூடச் சுட்டதில்லை. எனக்குத் துவக்கில் ஒரு ஆசையும் கிடையாது. வேண்டியிருந்தது அதன் லைசென்ஸ்.

சண்டைக் காலத்துக் கொழும்பில் ஒரு தமிழன் எங்கெங்கே மறிக்கப்படுவான் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை. எல்லாரும் அடையாள அட்டையை நீட்டுவார்கள். நான் அதன் மேல் துவக்கு லைசென்ஸை வைத்து இரண்டையும் சேர்த்து நீட்டுவேன். ஆமிப் பொடியன் முதலில் திடுக்கிடுவான். பிறகு தன் பெரியவனைக் கூப்பிடுவான். பெரியவன் வாசித்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்ப்பான். இந்த மனிதனிடம் துவக்கு இருக்கலாம் என்று அரசாங்கமே வருசாவருசம் விசாரித்து முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறது, அதற்கு மேல் அவன் என்ன கேட்பது? "ஹரி, யன்ன மாத்தயா" என்று விட்டுவிடுவான். சரி, போங்கள் ஐயா என்று அர்த்தம். அந்த ஐயாவுக்காகத்தான் நான் எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

சிவானந்தன் எங்கள் பின் அறையில் வாடகைக்கு இருந்த யாழ்ப்பாணத்துப் பொடியன். இருபத்தாறு வயது. கனடாவில் இருக்கும் அக்காவிடம் போவதற்கு விசாவுக்குக் காத்துக்கொண்டிருந்தான். நல்ல பிள்ளை, அதில் இரண்டு கதை இல்லை. காஸ் சிலிண்டரை அவன்தான் தூக்கி வைப்பான். கொன்ஸ்ரன்ஸ் அவனுக்கென்று மீனில்லாத ஒரு கறி தனியாக வைப்பாள். வடக்கிலிருந்து வந்து தங்குகிறவர்களை வீட்டுக்காரன் பொலிசில் பதியவேண்டும், அவனைப் பதிந்தது நான்தான். என் வீட்டில் இருப்பவன் என்றால் பொலிசும் அவனை அதிகம் கிளறவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் நான் கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில், கையில் இரும்புக் கம்பியோடு ஒருவன் மதிலேறிக் குதித்து வீட்டுக்குள் வந்துவிட்டான். கொன்ஸ்ரன்ஸைச் சுவரோடு நெரித்துத் தாலிக்கொடியைப் பிடித்து இழுத்திருக்கிறான். அவள் கத்தியதைக் கேட்டுச் சிவானந்தன் ஓடிவந்தான். அலுமாரிப் பூட்டின் திறப்பு இருதய ஆண்டவர் படத்துக்குப் பின்னால் இருந்தது. அதைச் சொன்னது கொன்ஸ்ரன்ஸ். துவக்கையும் தோட்டாவையும் எடுத்தது அவன். நிலத்தைப் பார்த்து ஒரு வெடி வைத்தான். திருடனின் காலில் சிதறல் பட்டது.

அவன் என் மனைவியைக் காப்பாற்றினான். நான் மறுக்கவில்லை. ஆனால் இருவரில் ஒருவராவது என்னைக் கேட்கவில்லை என்பதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

பொலிஸ் வந்தது. லைசென்ஸ் இல்லாத யாழ்ப்பாணத்தான் கையில் துவக்கு. பிறகென்ன, வழக்கு அவன் மேல் விழுந்தது. நான்தான் பிணை நின்று எடுத்தேன். துவக்கைச் சான்றுப்பொருள் என்று கொண்டுபோனார்கள். வழக்கு முடிந்ததும் தருவோம் மாத்தயா என்று மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

வழக்கு முடியவில்லை. ஒரு தவணைக்குத் திருடன் வரமாட்டான், மறு தவணைக்கு டாக்டர் வரமாட்டார், எல்லாரும் வந்த நாளில் நீதவான் லீவு. குற்றத்தை ஒப்புக்கொள், சிறு தண்டனையோடு போய்விடும் என்று சிவானந்தனிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். "ஐயா, குற்றவாளி எண்டு பதிஞ்சா விசா தரமாட்டாங்கள். நான் அன்ரியைக் காப்பாத்தத்தானே சுட்டனான்" என்றான். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னான். ஆனால் மாட்டேன் என்று சொன்னான்.

அந்த வருசக் கடைசியில் லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனேன். துவக்கைக் காட்டாமல் புதுப்பிக்க முடியாது என்றார்கள். நீதிமன்றக் கடிதத்தைக் காட்டியதால் ஒரு வருசம் விட்டுக்கொடுத்தார்கள், அடுத்த முறை அதுவும் இல்லை என்று சொல்லித்தான் விட்டார்கள். திரும்பி வருகிற வழியில் நீதிமன்றத்துச் சாமான் அறையை எட்டிப் பார்த்தேன். துவக்கை விளக்குமாறுகளோடு மூலையில் சாத்தி வைத்திருந்தார்கள். குழலைச் சுற்றி நூலும் அரக்கும். ஈரச் சுவர். எனக்கு அழுகை வந்தது. மனைவியின் தாய் இறந்தபோதுகூட எனக்கு வராத அழுகை.

அடுத்த வருசம் லைசென்ஸ் செத்தது. அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வருகிற நேரத்தில் மறித்தார்கள். வெறும் அடையாள அட்டையை நீட்டினேன். மற்றவர்களோடு சேர்த்து என்னையும் சுவரைப் பார்க்க நிறுத்தினார்கள். கோவிலுக்கு வந்த சனம் பார்த்துக்கொண்டு போனது. கொன்ஸ்ரன்ஸ் குடையோடு எதிர்ப்பக்கத்தில் வெயிலில் நின்றாள். பேரன் வயதுள்ள ஒருவன் என்னை "ஏய்" என்று கூப்பிட்டான். அன்று எனக்கு வந்தது கோபமில்லை, வெட்கம். சிவானந்தன் ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் இது நடந்திராது என்று நினைத்தேன்.

அவனைப் பிடித்துக் கொடுத்தது நான்தானா என்று கேட்கிறீர்கள். இல்லை. சத்தியமாக இல்லை. வெள்ளவத்தையில் ஒரு சிநேகிதனைப் பார்க்கப் போனவனைச் சுற்றிவளைப்பில் கொண்டுபோய்விட்டார்கள். அந்தப் பாவம் என் தலையில் இல்லை. எந்தப் பொலிஸில் கேட்டாலும் எங்களிடம் இல்லை என்றார்கள். வழக்குத் தவணைக்கு அவன் வரவில்லை. நீதவான் பிடியாணை போட்டார்.

அவனுடைய தாய் கனகேஸ்வரி யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் வந்து சேர்ந்தாள். என் வீட்டில்தான் வைத்தோம். அவளையும் நான்தான் பொலிசில் பதிந்தேன். சிங்களம் தெரியாத மனுசி. ஒவ்வொரு ஆமி முகாம் வாசலுக்கும் நான் கூட்டிக்கொண்டு போனேன். அவள் மகனின் படத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், நான் கதைப்பேன். செவ்வாய்க்கிழமைகளில் எங்களோடு கொச்சிக்கடைக்கும் வருவாள். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அந்தோனியார் என்று கொன்ஸ்ரன்ஸ் சொல்லியிருந்தாள். அவள் மகனைக் கேட்டாள். நான் துவக்கைக் கேட்டேன். இருவரும் ஒரே சிலைக்கு முன்னால்தான் நின்றோம்.

எங்கள் வக்கீலின் கிளாக் மர்ஸூக் நல்ல மனிதன். நான் கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். "ஆள் இல்லாட்டி கேஸ் முடியாது சேர். வாரண்ட் அப்பிடியே ஈக்கும், பத்து வருசமும் ஈக்கும். ஆள் மௌத்தாப் போயிட்டா மட்டும்தான் மூடுவாங்க. அப்ப சாமான் சொந்தக்காரனுக்குப் போகும்." மௌத்து என்றால் மரணம்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் கால்வாயில் கிடைத்த ஓர் உடலைப் பற்றிப் பொலிசிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். அடையாளம் காட்ட வரட்டாம். கனகேஸ்வரிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிரேத அறை வாசலில் அவளை மர வாங்கில் இருத்திவிட்டு, "நீங்கள் பாக்க வேண்டாமம்மா, நான் பாத்திட்டு வாறன்" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கும்பிட்டாள்.

உள்ளே குளிராக இருந்தது. துணியை விலக்கினார்கள். தண்ணீரில் கிடந்த உடல். முகம் ஊதிப்போயிருந்தது. மீசையில் பாதி நரைத்திருந்தது. ஐம்பதுக்குக் குறையாத வயது. கட்டையான மனிதன்.

"ஒவ், எயா தமய்" என்றேன். ஆமாம், அவன்தான் என்று. தாளை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். அவர்களுக்கும் அவனை யாராவது கொண்டுபோனால் போதுமென்று இருந்தது.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். நான் இதை நியாயப்படுத்த வரவில்லை. யோசித்துத்தான் செய்தேன் என்று சொல்ல வருகிறேன். அந்த மனிதனுக்கு யாரும் இல்லை. அவனுக்கு ஒரு பெயரும் ஒரு சடங்கும் கிடைத்தது. அந்தத் தாய் வாசல் வாசலாக நாய்படாத பாடு படுவது நின்றது. அழுது முடித்தால் மனம் ஆறும். இப்படிப் பார்த்தால் எல்லாருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது.

பெட்டியைத் திறக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பார்க்கிற நிலையில் இல்லை என்றேன். கனகேஸ்வரி பெட்டியில் கையை வைத்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஐயா, சின்னனிலை காது குத்தின அடையாளம் இருந்ததோ?"

சைவப் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே காது குத்துவார்கள் என்று எங்கள் ஆட்களுக்கெல்லாம் தெரியும்தானே. நான் சிவானந்தனின் காதை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. பெட்டிக்குள் இருந்தவனின் காதையும் பார்க்கவில்லை.

"ஓம் அம்மா, இருந்தது. நான் பாத்தனான்" என்றேன்.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, வாய்க்கரிசியைப் பெட்டி மூடிக்கு மேல் முகம் இருக்கிற இடமாகப் பார்த்துப் போட்டாள். அழவில்லை. கனத்தை மயானத்தில் எரித்தோம். எட்டாம் நாள் சடங்கு முடிய ஊருக்குப் போகப் போகிறேன் என்றாள். கொன்ஸ்ரன்ஸ் அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். என்னிடம் அவள் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. துக்கம் அப்படித்தான் என்று நினைத்தேன்.

வழக்கை மூடினார்கள். துவக்கு வீட்டுக்கு வந்தது. விசைப் பக்கம் துரு ஏறிப்போயிருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பனியன் துணியால் துடைத்துத் துடைத்து எடுத்தேன். லைசென்ஸும் புதுசாக வந்தது. அந்தக் கிழமையே செக் பொயின்ற் ஒன்றில் மறித்தார்கள். இரண்டையும் சேர்த்து நீட்டினேன். "யன்ன மாத்தயா" என்றான். அந்தோனியாருக்குப் பெரிய மெழுகுதிரி ஒன்று கொளுத்தினேன்.

பிறகு நாகேந்திரம் என்றொருவர் வந்தார். வெள்ளவத்தையில் கடை வைத்திருந்தவர். தவறுதலாகப் பிடித்துக்கொண்டுபோய் வெகு நாள் அடைத்துவைத்துவிட்டு விட்டிருந்தார்கள். நீங்கள் இருக்கிற அதே கதிரையில் இருந்தார். தேத்தண்ணீர் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடித்தார். கொன்ஸ்ரன்ஸ் வீட்டில் இல்லை.

"உங்கடை வீட்டிலை இருந்த சிவானந்தன் என்னோடைதான் இருந்தவன் ஐயா. உயிரோடை இருக்கிறான். முகாம் இதுதான்" என்று இடத்தைச் சொன்னார். "அவனை அவங்கள் எந்தப் பதிவிலையும் காட்டேல்லை. அதுதான் அவனுக்குப் பயம். ஐயாட்டைச் சொல்லச் சொன்னவன். ஐயாவிட்டைத் துவக்கு லைசென்ஸ் இருக்கு, ஐயாவை அவங்கள் மதிப்பாங்கள், வந்து ஒரு சொல்லுச் சொன்னா விட்டிடுவாங்கள் எண்டு ஒவ்வொரு நாளும் சொல்லுவான்."

லைசென்ஸ் அப்போது என் சட்டைப் பையில்தான் இருந்தது.

எல்லாப் பக்கமும் யோசித்தேன். அவன் உயிரோடு வந்தால் பிடியாணையும் உயிரோடு வரும். வழக்கு வரும். துவக்கு மறுபடி விளக்குமாறுகளோடு போய் நிற்கும். பிரேத அறையில் நான் போட்ட கையெழுத்தையும் தேடுவார்கள்.

"நீங்கள் வேறை ஆரையோ பாத்திருக்கிறியள் தம்பி. சிவானந்தன் செத்திட்டான். நான்தான் உடலை அடையாளம் காட்டினனான். தாய் வந்து எரிச்சிட்டுப் போயிட்டா" என்றேன். அவர் என்னையும் கோப்பையையும் மாறி மாறிப் பார்த்தார். பயந்த மனிதன், எதிர்த்துக் கதைக்கவில்லை. பஸ் தரிப்பு வரைக்கும் கூடப்போய் ஏற்றிவிட்டு வந்தேன். கொன்ஸ்ரன்ஸிடம் சொல்லவில்லை.

சிவானந்தனுக்குக் காது குத்தவே இல்லை என்று சற்று முன் நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குத்தப் போன அன்று குழந்தைக்குக் காய்ச்சலாம், பிறகு தகப்பன் இறந்ததோடு விட்டுவிட்டார்களாம். அப்படியென்றால் அந்த மனுசிக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. யாரோ ஒருவனுக்கு வாய்க்கரிசி போட்டுவிட்டு, என் பெயரில் பொலிஸ் பதிவில் இருக்கும்வரை வாயைத் திறக்காமல் இருந்து, ஊருக்குப் போய்த்தான் காணாமற்போனவர்களைத் தேடுகிற உங்களுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறாள். நீங்களும் கேட்ட இடமெல்லாம் அவன் செத்துவிட்டான், இதோ கையெழுத்து என்று என் கையெழுத்தைக் காட்டியிருக்கிறார்கள். கடைசியில் நாகேந்திரத்தைக் கண்டுபிடித்து, நீங்கள் அந்த முகாமுக்குப் போன நேரம் அங்கே அப்படி யாரும் இல்லை.

அது எனக்கும் கவலைதான். நான் கல்நெஞ்சன் இல்லை. கேட்ட எல்லாவற்றுக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன். இல்லாத மரணத்தை உண்டென்று சொன்னது நான். இருந்த உயிரை இல்லையென்று சொன்னதும் நான். காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கவேண்டும். இதை நீங்கள் பொலிசுக்கு எழுதினால், வழக்கு முடியும்வரை என்று சொல்லித் துவக்கை மறுபடி எடுத்துக்கொண்டு போவார்களா? அதற்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். அது என் கைக்கு வந்த நாளிலிருந்து ஓர் உயிரைக்கூட எடுத்ததில்லை.