உங்க நட்சத்திர பேஷண்ட்

இல்ல மேடம், கடிக்கல. டயட் ரூம்ல வைக்கிற பிளாஸ்டிக் முட்டைன்னு எனக்குத் தெரியாதா? சும்மா பல்லு லேசா பட்டுச்சு. இந்தாங்க, வச்சிட்டேன், பிளாஸ்டிக் மீனுக்குப் பக்கத்துல. போதுமா?

அப்பா வந்துட்டுதான் இருக்காரு. நாங்க சேந்துதான் வந்தோம். உங்க ஆஸ்பத்திரி லிஃப்ட் ரெண்டாவது மாடியில ஒரு குலுக்கு குலுக்குச்சு, அவ்ளோதான். லிஃப்ட் மெக்கானிக் நிக்கும்போது லிஃப்ட் குலுங்கலாமா? நீ முன்னால போம்மான்னுட்டு சுவத்துல காதை வச்சு நின்னுட்டாரு. பத்து நிமிஷமாவது ஆகும். அதுக்குள்ள ஒரு விஷயம் சொல்லிடறேன். நீங்க திட்டக் கூடாது. சரி, திட்டுங்க, ஆனா கடைசியில திட்டுங்க.

எனக்குக் குரல் வரும் மேடம். ஐயோ, பாட்டு இல்ல. அடுத்தவங்க குரல். எங்க ஹெட்மாஸ்டர் குரல்ல மைக்ல பேசி ஒரு நாள் மூணாவது பீரியடோட ஸ்கூலுக்கே லீவு விட்டேன். பாதிப் பேரு பஸ் ஏறிட்டாங்க. லிஃப்டுக்குள்ள ஒரு அக்கா பேசுவாங்கல்ல, கதவுகள் மூடுகின்றன, அதுவும் வரும். பக்கத்து வீட்டு மாமா அவர் வீட்டு வாசப்படியில கால் வைக்கிறப்போ அதைச் சொன்னேன். மனுஷன் ரெண்டடி பின்னால குதிச்சாரு.

சரி சரி, விஷயத்துக்கு வர்றேன்.

ஆறு மாசம் முன்னாடி சுகர் ஏறிப்போச்சுன்னு அப்பாவைக் கூட்டிட்டு வந்தேன்ல? நீங்க தட்டு படம் போட்ட தாள் ஒண்ணு குடுத்தீங்க, சுகர் மீட்டர் ஒண்ணு குடுத்தீங்க. மீட்டரை அப்புறம் பேசலாம். ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ, புதன்கிழமை நாலு மணிக்கு போன் பண்ணுவேன்னீங்க. அப்பா லிஃப்ட் குழிக்குள்ள இருந்தா சிக்னல் கெடைக்காது, அதனால என் நம்பரை எழுதிக் குடுத்தாரு. அங்கதான் தப்பு நடந்துச்சு. என் மேல தப்பே இல்லைன்னு சொல்லல. அந்த நம்பர் மேலயும் கொஞ்சம் இருக்கு.

மொத புதன்கிழமை நீங்க கூப்டீங்க. அப்பா வேலையில இருக்காருன்னு சொல்லத்தான் வாயைத் தொறந்தேன். சத்தியமா. ஆனா தொண்டையில இருந்து அப்பா வந்துட்டாரு. க்ஹ்ம்... சொல்லுங்க மேடம்.

பாத்தீங்களா, சட்டுன்னு நிமிந்துட்டீங்க. ஆமா, அதே கனைப்புதான். ஆறு மாசமா நீங்க கேட்டது இந்தக் கனைப்பைத்தான். கொஞ்சம் தண்ணி குடிங்க மேடம்.

கீரை சாப்டறீங்களான்னு கேட்டீங்க. தெனமும் மேடம்னேன். பயறு? அது இல்லாம எனக்குத் தூக்கமே வராது மேடம்னேன். நீங்க அப்படியே பூரிச்சுப் போயிட்டீங்க. என் பேஷண்ட்டுங்கள்லயே நீங்கதான் நட்சத்திரம்னீங்க. என்னை யாரும் இதுவரைக்கும் அப்படிச் சொன்னதே இல்ல மேடம். அந்த சந்தோஷத்துல அடுத்த தடவ கேரட்டையும் சேத்துக்கிட்டேன்.

நெஜ அப்பா அன்னிக்கு என்ன சாப்ட்டாரு தெரியுமா? சோறு. அது மேல வேக வச்ச உருளைக்கிழங்கு. ஓரத்துல வறுத்த உருளைக்கிழங்கு. நொறுக்க சிப்ஸ், அதுவும் உருளைக்கிழங்குதான். மூணு வகைக் காய் பாத்தியான்னு என்கிட்ட பெருமை வேற. வீட்ல நாங்க ரெண்டே பேரு, சமையல் அவரு கையில. காய்க்கடைக்காரரு ஒரு நாள் கீரைக்கட்டை நீட்டினா, ஏதோ பூச்செண்டு மாதிரி மோந்து பாத்துட்டுத் திருப்பிக் குடுக்கறாரு.

சிரிக்காதீங்க. இனிமேதான் சிரிப்பு வராது.

மூணாவது மாசம், லிஃப்ட் கூண்டு மேல நின்னு வேலை பாத்துட்டிருந்தவரு தலை சுத்தி அப்படியே உக்காந்துட்டாரு. கூட வேலை பாக்குறவரு கைத்தாங்கலா கூட்டிட்டு வந்து விட்டாரு. ஒண்ணுமில்லம்மா, வெயிலுன்னாரு. லிஃப்ட் குழிக்குள்ள எங்கேந்து மேடம் வெயில்?

உங்க பைல்ல ஒரு அப்பா இருக்காரு, கீரை தின்னு ஜம்முனு. வீட்ல ஒரு அப்பா இருக்காரு, கிழங்கு தின்னு கிறுகிறுன்னு. பைலைத் திருத்துறதா, அப்பாவைத் திருத்துறதா? பைலைத் திருத்தணும்னா உங்ககிட்ட உண்மையைச் சொல்லணும். அதுக்கு அப்பாவே மேல்னு தோணுச்சு.

அதனால நீங்க ஆயிட்டேன்.

ஆமா, நீங்களேதான். தோழியோட போனை வாங்கிட்டு வந்து, பாத்ரூமுக்குள்ள போயி, குழாயை முழுசா தொறந்து விட்டு, ஹால்ல உக்காந்திருந்த அப்பாவை உங்க குரல்ல கூப்டேன். வணக்கம் சார், தட்டு எப்படி இருக்கு? நீங்க அப்படித்தான் மேடம் கேப்பீங்க. ஆளை விட்டுட்டுத் தட்டைத்தான் மொதல்ல விசாரிப்பீங்க.

உங்க தாள்ல இருக்கறதை அப்படியே ஒப்பிச்சேன். மாவுச்சத்து, புரதம், நார்ச்சத்துன்னு. ம், ம்னுட்டே டிவி சத்தத்தைக் கூட்டறாரு. அப்பதான் சட்டுன்னு எனக்கு ஒண்ணு உதிச்சுது. சார், லிஃப்ட்ல கூண்டு ஒரு பக்கம் தொங்குது, அதுக்குச் சமமா எடைக்கட்டு எதிர்ப்பக்கம் தொங்குது. எடைக்கட்டே இல்லாம கூண்டுல மட்டும் ஆளை ஏத்திட்டே போனா மோட்டார் என்ன ஆகும்? நீங்க சோறு, கிழங்கு எல்லாத்தையும் கூண்டுலயே அடைக்கிறீங்க. தட்டுல பாதி காயும் பழமும். கால்வாசி சோறு. கிழங்கு வேணும்னா அந்தக் கால்வாசிக்குள்ளயே ஒண்டிக்கட்டும். மீதி கால்வாசி முட்டையோ மீனோ பயறோ.

டிவி சத்தம் நின்னுடுச்சு. க்ஹ்ம், இப்பதான் மேடம் என் மண்டைக்கு ஏறுதுன்னாரு.

மறுநாள் அளவு நாடாவை எடுத்துத் தட்டை அளந்து, மார்க்கர்ல கோடு போட்டாரு மேடம்! கிழங்கு கோட்டைத் தாண்டினா நான் ஓவர்லோட் சத்தம் போடுவேன். பீப், பீப், பீப். அப்பா ஒரு துண்டை இறக்கி விடுவாரு. பீன்ஸ் வந்துச்சு, முட்டை வந்துச்சு, அந்தக் கீரைக்கட்டும் வந்துச்சு. பெல்ட்டுல ரெண்டு ஓட்டை புதுசா போட்டிருக்காரு. உங்க பேரைக் கொஞ்சம் கெடுத்தும் இருக்கேன். தட்டு கழுவுறதும் சிகிச்சையில சேத்தின்னு சொல்லிட்டேன். வீட்டுக்கு வர்ற கேக்கெல்லாம் பிள்ளைக்கே போகணும்னும் சொல்லிட்டேன்.

அப்பாவுக்குத் தெரியாதான்னா கேக்கறீங்க? தெரியாதுன்னுதான் நானும் நெனச்சேன். போன புதன்கிழமை பாத்ரூம்ல நின்னு, உங்க குரல்ல, சரி சார் வச்சிடறேன்னேன். அப்பா ரொம்ப மரியாதையா சொல்றாரு, நன்றி மேடம், அப்படியே அந்தக் குழாயையும் மூடிடு, டேங்க் காலியாகுது.

நானும் மூடிட்டேன் மேடம். மூடின அப்புறம்தான் உறைச்சுது.

மொத நாளே தெரிஞ்சிருக்கும். எந்த டயட் மேடத்துக்கு எடைக்கட்டு தெரியும்? வெளிய வந்து மூஞ்சியப் பாத்தேன். கேரட் கடிச்சுட்டு டிவி பாக்கறாரு.

தெரியாத மாதிரி இருந்தது பாசம்தான், ஆனா அவருக்கும் இதுல லாபம் இருக்கு. பதினஞ்சு மாடி குழியில ஒத்தக் கால்ல நிப்பாரு, ஊசியக் காட்டினா சோபாவுக்குப் பின்னால போயிடுவாரு. அவரு மூஞ்சியப் பாத்துப் பாவப்பட்டு உங்க குரல்ல நான் சொல்லிட்டேன், சார், நீங்க இவ்ளோ நல்லா சாப்டறதால விரல்ல குத்திப் பாக்கவே வேணாம்னு. யாரு குரல்னு தெரிஞ்சும், மேடமே சொல்லிட்டாங்களேன்னு மீட்டரைத் தூக்கி என்கிட்ட குடுத்துட்டாரு.

ஆமா மேடம், மீட்டர் போட்டோ உங்களுக்கு வாராவாரம் வந்துச்சு. வந்துச்சுதான்.

நேத்து உங்க மெசேஜைப் படிச்சேன். எண்ணெல்லாம் அருமையா இருக்கு, இன்னிக்குப் பதினோரு மணிக்குப் பெரிய டாக்டர் அப்பாவோட மாத்திரையைப் பாதியாக் குறைக்கப் போறாருன்னு. அதைப் படிச்சப்புறம் எனக்கு யாரு குரலும் வரல.

இந்தாங்க, என் கையப் பாருங்க. இந்த விரல்ல மூணு புள்ளி, இதுல ரெண்டு, கட்டைவிரல்ல ஒண்ணு. அந்த போட்டோவுல இருந்த எண்ணெல்லாம் என் ரத்தம் மேடம். ஒரு வாரம் எண்ணு எகிறிப்போச்சுன்னு அப்பாவைத் திட்டுனீங்களே? அன்னிக்கு முழு கேக்கையும் தின்னது நான்தான். அப்பாவுக்கு சுகர் நெஜமாவே குறைஞ்சும் இருக்கலாம். ஆனா அது யாருக்குமே தெரியாது. அவரு மறுபடி கூண்டு மேல ஏறணும். அதனால மாத்திரையை மட்டும் இப்ப தொடாதீங்க.

கேட்டுச்சா, வெளிய கனைக்கிறாரு. நான் இல்ல, பாருங்க, வாயை மூடித்தான் இருக்கேன். இப்பவே அவரு விரல்ல குத்திப் பாத்துடலாம், ஊசியை மேசைக்கு அடியில மறைச்சு வச்சுக்கோங்க, கையை நான் கெட்டியா பிடிச்சுக்கறேன். உள்ள வாங்கன்னு மட்டும் நீங்களே கூப்டுங்க மேடம். உங்க குரல்ல நான் கூப்டா, குழாயை மூடும்மான்னு சொல்லிட்டுப் போயிடுவாரு.