முதலில் பதில் சொன்ன பெட்டி

"ஃபேன் ஓடட்டும் மேடம். எனக்குக் காத்து ஒத்துக்கும்."

"அறிக்கையில தப்பு இருக்குன்னு சொன்னீங்க."

"ஒரே ஒரு சொல்தான். அதுக்கு வர்றேன்."

காவல் ஆய்வாளர் பேனா மூடியைக் கழற்றினார். நான் முதலிலிருந்து சொன்னேன்.

யாராவது எதையாவது தவறாக விழுங்கிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தொலைபேசி நிலையம் எங்களுடையது. கூப்பிடுகிறவர் பொருளின் பெயரைச் சொல்வார். எங்கள் ஆள் திரையில் தேடி, வருவதைப் படித்துச் சொல்வார். அங்கிருக்கும் கணினிகள் எதிலும் ஹார்ட் டிஸ்க் கிடையாது. காலையில் பொத்தானை அழுத்தும்போது தாங்கள் யார் என்பதே அவற்றுக்குத் தெரியாது. கேபிள் வழியாகக் கட்டடம் முழுவதையும் பார்த்து, யாராவது இருக்கிறீர்களா, நான் என்ன செய்யட்டும் என்று கேட்கும். எந்த இயந்திரம் முதலில் பதில் சொல்கிறதோ அதை நம்பி, அது கொடுப்பதை வாங்கிக்கொண்டு கண் விழிக்கும். இன்னொருவரைக் கேட்டுப் பார்க்கிற பழக்கம் கிடையாது. கைக்குழந்தைகளும் அப்படித்தான். யார் முதலில் தூக்குகிறார்களோ அவர்களைப் பார்த்துச் சிரிக்கும்.

நெடுங்காலம் அந்தப் பதிலைச் சொல்லிவந்தது என் பெட்டி. உதிரிகளைப் பொறுக்கி நானே சேர்த்த கணினி அது. பிறகு என் மனைவியின் தம்பி அங்கே வேலைக்கு வந்தான். சிபாரிசு செய்தது நான்தான். வந்ததும் புது சர்வர் வாங்க வைத்தான். என் பெட்டி மேசைக்கடியில் போய், எனக்குக் கால் வைக்கும் பலகையானது.

"மாமா, இத மியூசியத்துக்குக் குடுத்துடலாம். டிக்கெட் போட்டா நல்லா ஓடும்," என்றான் ஒருநாள், எல்லோர் முன்னாலும்.

"பெட்டிய மட்டும் குடுத்தா எப்படிப்பா? பக்கத்துல மாமாவையும் உட்கார வெச்சாத்தானே செட்டு சேரும்," என்றார் தொலைபேசியில் பேசும் அக்கா.

நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான்.

சில நாள் கழித்து, ஒரு காலையில் மற்றவர்களுக்கு முன்னால் வந்து, பெட்டியின் கேபிளைச் சுவரில் செருகினேன். அவ்வளவுதான் செய்தேன். மைத்துனனின் சர்வர் பதில் சொல்லும்முன் பத்து விஷயத்தைச் சரிபார்க்கும். என்னுடையது கேட்டவுடன் சொல்லிவிடும். கணினிகள் எல்லாம் என் பெட்டியிலிருந்து எழுந்தன. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மத்தியானம் சாப்பிடும்போது சொல்லலாம் என்றிருந்தேன்: காலையிலிருந்து நீங்கள் எல்லோரும் மியூசியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று. அந்த வாக்கியத்தை மனதுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அதிலிருந்த மருத்துவத் தகவல்கள் பழையவை. அது எனக்குத் தெரியும். அரைநாள்தானே.

முதல் அழைப்புகளில் ஒன்று ஒரு தகப்பனாருடையது. அவருடைய சின்ன மகள் கழிவறை கழுவும் நீல பாட்டில் திரவத்தைக் குடித்துவிட்டாள்.

"நீல பாட்டிலா? பயப்படாதீங்க தம்பி, அது சோப்பு மாதிரிதான்," என்று அக்கா திரையைப் படித்தார். "வாயக் கழுவிட்டு பால் குடுங்க."

அந்தக் கம்பெனி கலவையை மாற்றி, அமிலம் சேர்த்திருந்தது. உடனே மருத்துவமனை என்ற திருத்தத்தைப் புது சர்வரில் தட்டச்சு செய்தவன் நான். அக்காவுக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாமா என்று அவர் கேட்டார் போலிருக்கிறது. அக்கா மறுபடி திரையைப் பார்த்து, "தேவையில்லங்க," என்றார். மத்தியானம் இன்னும் வரவில்லை. இப்போது வாயைத் திறந்தால் என் வாக்கியம் வீணாகிவிடும்.

கொஞ்ச நேரத்தில் அந்தத் தகப்பனாரே திரும்பக் கூப்பிட்டார். குழந்தை பாலைக் குடிக்க மறுக்கிறதாம், வற்புறுத்தலாமா என்று கேட்டார். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார் அக்கா. நான் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் நான் எதுவும் சொல்லவில்லை. அதற்குள் குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போயிருந்தார்கள்; சொல்லும்படியான சூழ்நிலை இல்லை. சாயங்காலம் குழந்தை பிழைக்கவில்லை என்று மருத்துவமனையிலிருந்து செய்தி வந்தபோது கேபிளைப் பிடுங்கி, பெட்டியைக் காலடியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

தன் சர்வர்தான் எங்கோ பிசகிவிட்டது என்று மைத்துனன் நம்பினான். உங்கள் ஆட்கள் அவனை அழைத்துப் போவதற்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்து அழுதான். "எங்க தப்பு பண்ணேன்னே தெரியல மாமா. எல்லாத்தையும் சரி பாத்துட்டுதான் வெச்சேன்." நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அதுவும் ஓர் ஆறுதல்தானே. என் மனைவி அவனுக்குத் தலையணை எடுத்து வந்தாள்.

ஆய்வாளர் எழுதுவதை நிறுத்தினார்.

"உங்க மைத்துனர் உள்ள இருக்காரு. இத்தனை நாள் நீங்க ஏன் சொல்லல?"

"யாரும் என்னைக் கேக்கலையே மேடம்."

"இன்னிக்கும் யாரும் கேக்கலையே."

அவர் சொன்னது சரிதான். நேற்று அந்த அறிக்கையின் நகலை என் மனைவி மேசைமேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். அங்கே கிடந்த பழுதான பழைய பெட்டி ஒன்று தானாக இயங்கியிருக்கலாம் என்று நிபுணர் எழுதியிருந்தார். இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. இத்தனை நாளில் தூக்கம் கெட்டது நேற்றுத்தான்.

"தானா இயங்கல மேடம். நான்தான் செருகினேன். அத அப்படியே எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். ஆனா அது பழுதில்ல. அன்னிக்குக் கேட்ட ஒவ்வொரு தடவையும் சரியா பதில் சொல்லியிருக்கு. 'பழுதான'ங்கற அந்த ஒரு சொல்ல மட்டும் அடிச்சுடறீங்களா?"