எண்பதாயிரத்துக்கு ஒரு கையெழுத்து

என் பெயர் ராகிப். தகப்பனார் பெயர் அப்துல் ஜவ்வாத். வயது ஐம்பத்திரண்டு. அலெக்ஸாண்டிரியா அன்ஃபூஷி சந்தையில் மீன் வியாபாரம் செய்கிறேன். சந்தைக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒன்பதாம் எண் வீட்டின் தரைத்தளத்தில், மனைவி இன்ஷிராஹுடன் வாடகைக்குக் குடியிருக்கிறேன். இன்று காலை பதினொரு மணிக்கு, யாரும் கூப்பிடாமல், நானாகவே இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து கீழ்க்கண்டதைச் சொல்கிறேன்.

என் ஒரே மகன் ஹாதிமுக்கு, வயது இருபத்தாறு, போன வருடம் நெவீன் என்ற பெண்ணைப் பேசி முடித்தோம். எங்கள் ஊரில் வீடு மாப்பிள்ளை வீட்டார் பொறுப்பு. பெண்ணின் தகப்பனார் தபால் நிலையத்தில் குமாஸ்தா. வீட்டுச் சாவியைக் கண்ணால் பார்க்காமல் நிக்காஹ் கிடையாது, ரமலான் பிறை தெரிவதற்குள் வீடு முடியாவிட்டால் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று அவர் கறாராகச் சொல்லிவிட்டார். என் மகன் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். அதன் பின் நான் வீடு தேடிப் புறப்பட்டேன்.

எங்கள் சந்தின் முனையில் ஹாஜி ஃபுவாத் தஸூகி புதிதாக எட்டு மாடி கட்டி முடித்திருந்தார். ஆறாவது மாடியில் இடது பக்க வீட்டைக் காட்டினார். பால்கனியில் நின்று கழுத்தை நீட்டினால் கடல் தெரிந்தது. விலை நாலரை லட்சம் பவுண்டு என்றார். நான் மூன்று என்றேன். அவர் சிரித்தார்.

"மீன்காரரே, இது மத்தி இல்ல, பொழுது சாஞ்சா நாறிப்போறதுக்கு. நாளைக்கு வந்தா இன்னும் பத்தாயிரம் கூடத்தான் சொல்வேன்" என்றார்.

நான் எழுந்து வாசல் வரை நடந்தேன். சந்தையில் இப்படி நடந்தால் யாரானாலும் கூப்பிடுவார்கள். அவர் கூப்பிடவில்லை. அதன் பின் இரண்டாவது தடவை மனைவியையும் கூட்டிப்போனேன். அவள் சுவரைத் தட்டிப் பார்த்து, பூச்சே இன்னும் காயவில்லை, இந்த ஈரத்துக்கு இந்த விலையா என்று அவரிடம் மல்லுக்கு நின்று இருபதாயிரம் குறைத்தாள். நாலு லட்சத்து முப்பதாயிரத்தில் வந்து நின்றது. என் சேமிப்பும் அவள் வளையல்களை விற்றதும் சேர்த்து என்னிடம் இருந்தது மூன்றரை லட்சம். எண்பதாயிரம் துண்டு விழுந்தது. யாரிடமும் கடன் பெயரவில்லை. பிறைக்கு ஒன்பது நாள் இருந்தது.

அதன் பின் ஹாஜியார் தானே ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். புதினா போட்டுத் தேநீர் கொடுத்தார். விலையைப் பற்றி நான் வாய் திறப்பதற்கு முன்பே, மூன்றரைக்கு முடித்துக்கொள்ளலாம் என்றார். சந்தையில் ஒருவன் கேட்காமலே விலையை இறக்கினால் நான் முதலில் மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன். முப்பது வருடப் பழக்கம் அது. அன்றைக்குப் பார்க்கவில்லை. மகனின் முகம்தான் கண் முன்னால் நின்றது.

ஒரு சின்னக் காகிதம் இருக்கிறது என்று அவர் சொன்னார். எங்கள் ஊரில் கட்டுகிறவர் பெயரில் கட்டிடம் இருக்காது. அனுமதி, வழக்கு, அபராதம் எல்லாவற்றையும் தன் பெயரில் தாங்க ஒருவனைப் பிடித்து வைத்திருப்பார்கள். காஹூல் என்போம். பெரும்பாலும் அபின்காரனோ கூலிக்காரனோ, ஒரு மாதச் சாப்பாட்டுக்குக் கையெழுத்துப் போடுகிறவன். இந்தக் கட்டிடத்துக்கு அதுவரை ஒரு குதிரை வண்டிக்காரன் இருந்தான், செத்துப்போனான் என்றார். எப்படிச் செத்தான் என்று நான் கேட்கவில்லை.

"பேரு மட்டும்தான் உம்மது. அபராதம் வந்தா நான் கட்டறேன். இந்தச் சந்துல எந்தக் கட்டிடம் கட்டினவன் பேர்ல இருக்கு, சொல்லும் பார்ப்போம்?"

ஜெயில் என்று வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். டீ ஆறுகிறது, குடியும் என்றார். எதில் கையெழுத்துப் போட்டேன் என்று தெரியாது என நான் இப்போது சொன்னால் அது பச்சைப் பொய். தெரிந்துதான் போட்டேன். வீட்டுக்குப் போய் மனைவியிடம் விலையை மட்டும் சொன்னேன். ஹாஜியாரையே என் புருஷன் கவிழ்த்துவிட்டார் என்று அவள் அக்கம்பக்கத்துக்கெல்லாம் ஷர்பத் கொடுத்தாள். நானும் மார்பை நிமிர்த்திக்கொண்டு அதைக் குடித்தேன்.

பெருநாள் கழிந்து கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதன் பின் ஹாஜியார் எட்டாவது மாடிக்கு மேல் கட்டத் தொடங்கினார். நகராட்சி ஆட்கள் வராத வெள்ளிக்கிழமைகளில் மட்டும் கான்கிரீட் போட்டார். இந்தக் குளிர்காலத்துக்குள் பன்னிரண்டு மாடி ஆகிவிட்டது. எல்லா வீடும் விற்று நாற்பத்தொரு குடும்பங்கள் குடிவந்தன. ஒவ்வொரு மாடியும் என் பெயரில் ஏறுகிறது என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

போன மாதம் மகன் வீட்டில் சாப்பிடப் போனபோது, சட்டியில் எண்ணெய் ஊற்றினால் ஒரே பக்கமாக ஒதுங்கி நிற்கிறது மாமா என்று நெவீன் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு இப்போது ஏழாவது மாதம். சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தேன். நேரே ஹாஜியாரிடம் போய், கட்டிடம் சாய்கிறது என்றேன்.

"உம்ம கட்டிடம். என்கிட்ட எதுக்கு வந்து அழறீர்?" என்று கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. பக்கத்துத் தெருவில் இப்போது வேறு ஒன்று கட்டுகிறார். இன்று காலையும் அங்கே நின்று கம்பி இறக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

முந்தாநாள் நகராட்சிப் பொறியாளர் வந்து அளந்து, உச்சி இரண்டு சாண் சாய்ந்திருக்கிறது, உடனே காலி செய்ய வேண்டும் என்று நோட்டீஸ் கொடுத்தார். அது என் பெயருக்கு வந்தது. நான் அதை எடுத்துக்கொண்டு நாற்பத்தொரு கதவையும் தட்டினேன். மீன்காரன்தான் முதலாளி என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. எங்களை விரட்டிவிட்டு இரட்டை விலைக்கு விற்கப் பார்க்கிறான் என்றார்கள். மூன்றாவது மாடியிலிருந்து ஒரு பெண் என் தலையில் கழுவின தண்ணீரை ஊற்றினாள். ஒருவரும் இறங்கவில்லை. கடைசியாக மகன் வீட்டுக்குப் போனேன். அவன் நோட்டீஸை இரண்டு தடவை படித்தான்.

"ஹாஜியார் உங்களை ஏமாத்தலை வாப்பா. நீங்க எங்களை வித்திருக்கீங்க. இப்ப இறங்கினா நெவீனை அவங்க வீட்டுல கூட்டிட்டுப் போயிடுவாங்க, திரும்ப அனுப்ப மாட்டாங்க. நாங்க வரலை" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான். எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை, என்மேல்.

அதன் பின் நேற்று ஒரு வக்கீலைப் பார்த்தேன். கையெழுத்து என்னுடையது அல்ல என்று எழுதிக் கொடுத்தால் விசாரணைக்கு நாற்பது நாள் ஆகும், அதற்குள் என் பெயர் கழன்றுவிடும் என்று அவர் சொன்னார். உரிமையாளர் ஒப்புக்கொண்டு கேட்டால் அன்றைக்கே போலீஸை வைத்து இறக்கலாம், மறுத்தால் நீதிமன்றம் சொல்லும்வரை யாரும் கை வைக்க முடியாது என்று பொறியாளர் சொன்னார். நேற்று மாலை அவர் மறுபடி அளந்தபோது சாய்வு கட்டைவிரல் அளவு கூடியிருந்தது.

ஒப்புக்கொண்டால் நான் சாட்சி அல்ல, குற்றவாளி ஆவேன் என்பதையும், இன்றே காவலில் வைக்கப்படுவேன் என்பதையும் இந்த அதிகாரி எனக்கு இரண்டு தடவை எடுத்துச் சொன்னார். புரிந்துகொண்டேன். கையெழுத்து என்னுடையதுதான். பன்னிரண்டு மாடியும் என்னுடையதுதான். உரிமையாளன் என்ற முறையில் கேட்கிறேன், இன்று பிற்பகல் அஸர் தொழுகைக்குள் எல்லோரையும் இறக்கிவிடுங்கள். ஆறாவது மாடி இடது பக்கம் கதவைத் திறக்க மாட்டார்கள். உடைத்து உள்ளே போங்கள். அவளைப் படியில் மெதுவாக இறக்குங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ நான் இதைச் சொல்லவில்லை.

(ஒப்பம்)
ராகிப் அப்துல் ஜவ்வாத்
கட்டிட உரிமையாளர்