இடது கால் முதலில்

அது மெஷின் கோளாறு இல்ல மேடம். மத்த நகல் எல்லாம் பளிச்சுன்னு இருக்கு பாருங்க. தலைமை டீச்சரோட அந்த சர்டிபிகேட் நகல்லதான் பேர் இருக்கிற இடம் மட்டும் மங்கிப் போயிருக்கு. ஒரிஜினல் வேணுமா? சரி, கேக்கத்தான் வேணும். இந்த டான்ஸ் பள்ளிக்கு அங்கீகாரம் குடுக்கிறதுக்கு முன்னாடி டீச்சருங்க பயிற்சி எல்லாம் சரி பார்க்கத்தானே உங்கள அனுப்பியிருக்காங்க. தலைமை டீச்சர் கிளாஸ்ல இருக்காங்க, முடிய கால் மணி ஆகும். அதுக்குள்ள மத்தவங்கள பார்த்துரலாம், உக்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேண்டாம், அது ஆடும். இங்க மனுஷங்கள விட நாற்காலிங்க நல்லா ஆடும்.

இந்த ஃபைல் எல்லாம் டைப் பண்ணது நான்தான். முதல்ல இருக்கிறவரு லிஃப்ட்காரர். சிரிக்காதீங்க, நெஜமாவே லிஃப்ட் ரிப்பேர் வேலை பார்த்தவரு. காலேஜ் பசங்க கிளாஸ் அவரோடது. பயிற்சி பெற்ற இடம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அதுல மொட்டை மாடின்னு இருக்கு பாருங்க. ஏங்க, கொஞ்சம் நல்லதா ஏதாவது போடலாமேன்னு கேட்டேன். மாடியிலதான்க்கா கத்துக்கிட்டேன், வேற என்னத்தப் போடன்னுட்டாரு.

அடுத்தது நர்ஸம்மா. முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில இருந்துட்டு, வயசானவங்களுக்கு இங்க சொல்லிக் குடுக்கிறாங்க. மொத்தமே மூணு மாசப் பயிற்சி. அதுலயும் பதினோரு நாள் வரலன்னு அவங்களே கீழ எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. யாரு கேட்டா? அவங்க அப்படித்தான்.

ஆமா, அந்தக் கண்ணாடிக் கதவு வழியா தெரியுறவங்கதான் தலைமை டீச்சர். பிள்ளைங்களுக்கு முதுகக் காட்டி, சுவத்துக் கண்ணாடியப் பார்த்து நிக்கிறாங்களே. கை நீட்டினா விரல் நுனி வரைக்கும் உயிர் இருக்கும். அத நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். வாசல் போர்டுல படிச்சிருப்பீங்க, ஏழு வருஷம் முறையான பயிற்சி, முதல் வகுப்பில் தேர்ச்சின்னு.

இப்ப கால மட்டும் பாருங்க மேடம். எந்தக் கால முதல்ல வைக்கிறாங்க? இடது. பிள்ளைங்களும் இடது. இன்னொரு தடவ பாருங்க. இடதுதானே? இப்ப ஆடுறது முதல் பாடம், அது வலது கால்லதான் ஆரம்பிக்கும். அந்த சர்டிபிகேட் குடுத்த பள்ளியில முதல் நாள் சொல்லிக் குடுக்கிறதே அதுதான். ஏழு வருஷம் அங்க ஆடினவங்கள நடுத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் வலதுதான் வரும். யாராவது கேட்டா, இது என்னோட தனி பாணின்னு சொல்லுவாங்க. பேப்பர்ல கூடப் போட்டாங்க, தனி பாணி கண்ட தாரகைன்னு.

தனி பாணி பிறந்த கதையச் சொல்றேன், கேளுங்க. ஒரு வீட்ல ரெண்டு பொண்ணுங்க. ஒருத்திய மட்டும்தான் டான்ஸ் பள்ளிக்கு அனுப்ப முடிஞ்சுது, மூத்தவ போனா. சின்னவ வாசல்ல உக்காந்து அழுவா. மூத்தவளுக்கு மனசு கேக்காது. சாயங்காலம் வந்ததும், அன்னைக்குக் கத்துக்கிட்டத அப்படியே தங்கச்சிக்குச் சொல்லிக் குடுப்பா. கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுல ரெண்டடி இடம். பக்கத்துல நிக்க முடியாது. பின்னாடி நின்னா ஒண்ணும் தெரியலன்னு சின்னவ சிணுங்குவா. அதனால எதிர்ல நிப்பா. அக்கா வலது கால வச்சா, இவ நேர் எதிர்ல இருக்கிற தன்னோட இடது கால வைப்பா. பெரியவளுக்கே அப்ப பதினாலு வயசு. ரெண்டு பேரும் ஒரே பக்கமா சாயுறது அழகா இருந்துச்சு, அப்புறம் திருத்திக்கலாம்னு விட்டுட்டா. மேடம், அந்த விட்டதுதான் இன்னைக்கு நாப்பது பிள்ளைங்க கால்ல நிக்குது.

அப்புறம் பெரியவ பஸ்ஸுல இருந்து விழுந்து முழங்கால் போச்சு. ஆட்டம் அதோட சரி. ஒரு நாள் சின்னவ வந்து, அக்கா, உன் சர்டிபிகேட்டக் குடு, பிறந்த நாளுக்குச் சட்டம் போட்டுத் தரேன்னு வாங்கிட்டுப் போனா. சொன்ன மாதிரியே வந்துச்சு, நல்ல தேக்குச் சட்டம். பெரியவ நாலு நாள் அதைத் தொடச்சுத் தொடச்சு வச்சா. நடுவுல பேர மட்டும் மங்க வச்சு ஒரு நகல் எடுத்திருக்கான்னு யாருக்குத் தெரியும்? அப்பா பேரோட முதல் எழுத்து ரெண்டு பேருக்கும் ஒண்ணுதானே. பாருங்க, அது மட்டும் பளிச்சுன்னு இருக்கு. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கிறதுன்னா இதுதான்.

தெரிஞ்சப்புறம் பெரியவ கேக்காம இருப்பாளா? கேட்டா. நீ இனிமே ஆடவா போறேக்கா, சும்மா கிடக்கிறது எனக்காவது உதவட்டுமேன்னு சொன்னா. தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும்னு சொல்லுவாங்களே, பெரியவ வாய மூடிக்கிட்டு, அந்தப் போர்டு வாசகத்த டைப் பண்ணியும் குடுத்தா.

ஆமா மேடம். டைப் பண்ணது நான்னு முதல்லயே சொன்னேனே.

அதெல்லாம் கூடப் பொறுத்துக்கிட்டேன். போன வாரம் ஆண்டு விழா. மேடையில மைக்கப் பிடிச்சு, எங்க வீட்ல யாருக்கும் டான்ஸ்னா என்னன்னே தெரியாது, நானா முட்டி மோதி வந்தேன்னு சொன்னா. சனம் அப்படிக் கை தட்டுது. நான் திரைக்குப் பின்னாடி ஒரு குட்டிக்குத் தலை வாரிக்கிட்டு இருந்தேன். சீப்பு அப்படியே நின்னுடுச்சு. ஆன்ட்டி, வலிக்குதுன்னு அது கத்தினப்பதான், முடியக் கையில இறுக்கிப் பிடிச்சிருக்கேன்னே தெரிஞ்சுது. ஏழு வருஷத்த எடுத்துக்கிட்டா, போகட்டும். எதிர்ல நின்னவளையே இல்லன்னுட்டாளே.

பாட்டு நின்னுடுச்சு. இப்ப வெளிய வந்து, ஆபீஸ் அக்கா, மேடத்துக்கு டீ குடுத்தீங்களான்னு கேப்பா பாருங்க. நாலு பேர் முன்னாடி எனக்கு அதான் பேரு.

இந்தாங்க, நீங்க கேட்ட ஒரிஜினல். காலையிலயே பையில எடுத்துட்டுத்தான் வந்தேன். சுத்தியிருக்கிற துண்ட மெதுவாப் பிரிங்க, சட்டத்துல கண்ணாடி போட்டிருக்கு. அவ ஃபைல்ல அந்தப் பயிற்சி பெற்ற இடம்கிற கட்டத்துல, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவுலன்னு எழுதிக்கோங்க. சொல்லிக் குடுத்தவங்க பேருக்கு, என் கழுத்துல தொங்குற இந்த அட்டையப் பார்த்து எழுதிக்கோங்க.