பெர்லினும் பழைய மாணவர் சங்கமும்

உறுப்பினர் கேட்டதற்கு அடுத்த கூட்டத்துக்கு முன் பதில் தர வேண்டும் என்பது அநேகமாக எல்லாச் சங்க யாப்பிலும், அதாவது சட்டதிட்டத்திலும், உள்ள விதி. சென்ட் லோரன்ட் வீதி பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த இருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். ஒரே பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் இரண்டாக உடைந்து, இருவரும் ஆளுக்கொன்றுக்குத் தலைவர்கள் என்பது பேச்சிலிருந்து விளங்கியது.

"ஹிட்லர் இருக்குமட்டும் அமெரிக்காவும் ரஷ்யாவும் நல்ல ஒற்றுமை, அண்ணை," என்றார் தொப்பிக்காரர்.

"அதுக்கென்ன இப்ப?" என்றார் கண்ணாடி போட்ட மூத்தவர்.

"நாங்களும் அப்பிடித்தானே. பழைய தலைவரைக் கலைக்குமட்டும் ஒண்டா நிண்டம். அவர் போன உடன பெர்லினைப் போலப் பிரிச்சுப்போட்டம்."

"பிரிச்சது நீர்."

"மதில் கட்டினது நீங்கள். அவங்களுக்காவது கம்யூனிசம், முதலாளித்துவம் எண்டு கொள்கை இருந்தது. எங்களுக்கு?"

"ஏன் இல்லை? நீர் பள்ளிக்கூடக் கீதத்தோட கூட்டத்தைத் துவங்குவீர், நான் அதோட முடிப்பன்."

"அவங்கள் சந்திரனுக்குப் போட்டி போட்டாங்கள். நான் ஒன்றுகூடலுக்குக் கொத்துரொட்டி போட்டா, நீங்கள் அப்பமும் சேர்த்துப் போடுறியள். ஆக்கள்தான் வருகினம் இல்லை. இப்பிடியே போனா ரெண்டும் மூடவேண்டியதுதான். இந்தக் கோடைக்கு ஒண்டாச் செய்வமோ?"

"தலைவர் ஆர்?"

"நீங்களே இருங்கோ."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்று மூத்தவர் இறங்கிவிட்டார்.

பிறகு அதே பஸ்ஸில் மறுபடியும் இருவரையும் கண்டேன். "ஓம், ஒண்டாச் செய்வம்," என்றார் மூத்தவர். அன்று, இரண்டு ஒன்றுகூடல்களும் தனித்தனியே நடந்து முடிந்த ஞாயிற்றுக்கு அடுத்த திங்கட்கிழமை.