காலமைப் படி

– மீன்பிடி வலை கேட்ட நாப்பத்தொரு குடும்பத்தையும் ஆளில்லையெண்டு தள்ளிப்போட்டியள். இதுக்கோ கொம்பியூட்டர், பரராசசிங்கம் அண்ணை?

– நான் தள்ளேல்லை, ஞானசவுந்தரி. லுக்கப் எண்டு பேர் தேடுற புரோகிராம் தேடினது, கிடைக்கேல்லை. விளங்குதே?

– எதிலை தேடினது? சொல்லுங்கோ பாப்பம்.

– குடியிருப்பாளர் பட்டியலிலை. காலமை ஒருக்கால் படியெடுத்து வைச்சால், வலை கேட்டு எழுதின ரண்டாயிரம் பேரையும் அதுக்குள்ளையே பாத்து முடிச்சிடும். பத்து நிமிசம்.

– நெடுந்தீவுப் பதிவு டிஸ்க் மத்தியானப் படகிலை வந்தல்லோ மூலப் பட்டியலிலை ஏறினது! சமாதானம் எண்டதை நம்பி இந்தியா முகாமிலையிருந்து திரும்பின அந்த நாப்பத்தொரு குடும்பமும் அதுக்குள்ளை. காலமைப் படியிலை எப்பிடி இருப்பினம்?

– அடுத்தமுறை பாப்பம்.

– அடுத்தமுறையோ? நாளைக்கு ஊர்காவற்றுறைக் கரையிலை வலை குடுத்து முடிஞ்சிடும். மற்ற லுக்கப்பைப் போடுங்கோ. ஒவ்வொரு ஆளுக்கும் மூலப் பட்டியலிலை போய்க் கேக்கிறது.

– அது ஆமை. விடிய விடிய ஓடும். ஜெனரேற்றருக்கு எண்ணெய் ஆர் தாறது, நீரோ?

– ஓம். என்ரை கூடப்பிறந்த அண்ணையின்ரை வள்ளத்து எண்ணெய் கொண்டாறன்.

– உமக்கு வாய் கூடிப்போச்சு. பதிவு எழுதுற ஆள் பதிவை எழுதும்.

– வயல்காணியோடை பிறந்த உங்களுக்கு என்ன தெரியும்? வலையில்லாதவன் கரையிலை நிண்டு மண்ணைத் தின்னுறதோ?

– மரியாதையாக் கதையும்!

– நீங்கள் மரியாதையா ஓடவிடுங்கோ.

– சரி, நீர் வீட்டை போம். நான் பிறகு போடுறன்.

– ஏலாது. என்ரை கண்ணுக்கு முன்னாலை போடுங்கோ.

– பிடிவாதக்காரி! அப்ப கேளும். மத்தியானம் வந்த டிஸ்க்கைத் திறந்து பாத்தனான். லுக்கப் அடையாள அட்டை இலக்கத்தாலை தேடுறது. நீர் போன மாதம் விதவையெண்டு வலை கேட்டுக் குடுத்த விண்ணப்பத்திலை உம்மடை மனுசன்ரை இலக்கம் கிடக்கு. மூலத்திலை கேட்டால் மரியநாயகம் அம்பிடுவான். அவன் கடலிலை சாகேல்லை. இந்தியாவிலை இருந்திட்டு இப்ப நெடுந்தீவிலை நிக்கிறான், வேறை மனுசியோடை, ரண்டு பிள்ளையளோடை. அவனுக்கு வலை கிடைக்கும். உம்மடை பேர் வலைப் பட்டியலிலையிருந்து வெட்டுப்படும். விளங்குதே? இதுக்காகத்தான் அந்தப் படியை மாத்தேல்லை.

– அந்தாளையும் அவளையும் பிள்ளையளையும் போன கிழமை நெடுந்தீவுக்குப் போய்ப் பதிஞ்சதே நான்தான், அண்ணை. ஓடவிடுங்கோ.