நிலத்துக்குச் சேர வேண்டியது

அன்று மலைச்சரிவில் இருந்தவர்கள் நான்கு பேர்: நான், என் தம்பி தெஹாய், என் பேரன் ஜின்ஷெங், நிலத்தின் போக்கைப் பார்த்துச் சமாதிக்கு இடம் குறிக்கும் யூ ஆசான். வேறு எவரையும் உங்கள் விசாரணை ஏட்டில் சேர்க்க வேண்டாம். வெயில் இதமாக இருந்தது. ஜாடிக்குள், கழுவிய எலும்புகளாக என் தந்தை இருந்தார்.

குவாங் குடும்பத்தில் மூன்று ஆண்கள் நாற்பதைத் தாண்டாமல் இருமியே இறந்தார்கள். என் ஒரே மகனும் அவர்களில் ஒருவன். பதினாறு வயது ஜின்ஷெங்குக்கும் இருமல் தொடங்கியிருந்தது. தந்தையின் எலும்புகள் ஈரமண்ணில் கிடந்ததே காரணம் என்றார் ஆசான். எட்டு மாதம் அலைந்து இந்த இடத்தைக் கண்டுபிடித்தார். பின்னால் உயர்ந்த மலை, இடப்பக்கம் நிமிர்ந்த குன்று, வலப்பக்கம் பணிந்த குன்று, முன்னால் வளைந்து செல்லும் ஆறு. மண்ணுக்குள் ஓடும் உயிர்மூச்சு அங்கே வந்து தங்கும். எலும்புகள் அதைப் பருகும். வம்சம் தழைக்கும்.

உண்மையான இடத்தைக் குறித்துக் கொடுத்தவரின் பார்வையை நிலம் எடுத்துக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அதனால் அவரை ஆயுள் முழுவதும் காப்பாற்றுவதாகக் குடும்பத்தார் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார்கள். நானும் எழுதிக் கொடுத்தேன். நாங்கள் சொல் தவறியதில்லை.

எலும்புகளை அங்கே புதைத்து ஒரு வருடம் ஆயிற்று. ஆசான் எங்கள் வீட்டில் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தார். ஜின்ஷெங் ரத்தம் துப்பினான்.

ஒருநாள் சாப்பாட்டின்போது தெஹாய் ஆரம்பித்தான். "என்ன ஆசானே, சோத்துல கெடக்குற கல்லுகூட உங்க கண்ணுக்குத் தப்பாது போலிருக்கே. எங்கப்பாவ எரும படுக்குற எடத்துலயா வச்சீங்க?"

ஆசான் சிரித்தார். "கண்ணு போகலையேன்னு கவலப்படுற ஆள இப்பத்தான் தம்பி பாக்குறேன். அது சும்மா ஊர்ப்பேச்சு. எடம் நல்ல எடந்தான்."

"ஊரே சிரிக்குது அண்ணே," என்றான் தெஹாய் என்னிடம். "எலும்ப எடுத்து வேற எங்கயாவது வச்சிருவோம்."

எலும்பைத் தோண்டினால், குவாங் குடும்பம் ஏமாந்தது என்று நாங்களே ஊருக்கு அறிவித்தது போலாகும். ஆசான் பொய்யர் அல்லர். இடமும் சரியானது. நிலத்துக்குச் சேர வேண்டியதுதான் இன்னும் சேரவில்லை.

மறுநாள் காலை, சுவருக்கென்று வைத்திருந்த சுட்ட சுண்ணாம்பைப் பொடித்தேன். மதியம் ஆசான் அரிசி மது குடித்துவிட்டு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். ஊற்றிக் கொடுத்தவன் நான்தான். இமைகளை என் விரல்களாலேயே பிரித்தேன். வேலைக்காரர்களிடம் விடும் காரியம் அல்ல அது.

"யாரு... ஐயாவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அப்படிப்பட்டவரிடம் பொய் சொல்லக் கூடாது.

பதினோராம் நாள் ஜின்ஷெங் இறந்தான். நான் ஒரு வருடம் தாமதித்துவிட்டேன். என் குற்றம் அது ஒன்றுதான், எழுதிக்கொள்ளுங்கள். தெஹாய்க்குப் பிள்ளைகள் இல்லை. இனி எங்கள் பெயரைச் சுமக்க யாரும் இல்லை. இடம் இருக்கிறது. அது உண்மையான இடம்.

ஆசான் இரவும் பகலும் அழுவதாக ஊரில் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. வெந்துபோன கண்களில் நீர் சுரப்பதில்லை.